பதினைந்து இஞ்சு

பளுகல் தாண்டி இடதுபக்கம் இறங்கும் மண்பாதையில்
என் போன் மூன்று முறை மாநிலம் மாறியது.
வீட்டு வாசல் தமிழ்நாடு.
கழுவின தண்ணீர் ஓடிச் சேரும் ஓடை கேரளம்.
இரண்டுக்கும் நடுவில் அடுக்களை,
அதற்கும் நடுவில் ஒரு தீவு.

தீவு என்றுதான் சொன்னார் ததேயுஸ்,
குவைத்திலிருந்து, வீடியோவில்.
ஆறடி நீளம், கறுப்புக் கல்.
அலமாரியைத் தாண்டி பதினைந்து இஞ்சு
வெறும் காற்றில் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.
உயர நாற்காலி நாலு, பெட்டி பிரிக்காமல் சுவரோரம்.
"கால் வைக்கப்பிடாது. முட்டு தெரியப்பிடாது.
கல்லு அந்தரத்துல நிக்கணும், கேட்டியா?"

கேட்டேன்.
கல் கேட்காது.
இருபது மில்லி கனம், பத்து இஞ்சு வரை பொறுக்கும்.
அதற்குமேல் அதன் குணம் வேறு.
வளையாது, முனகாது.
கிறிஸ்துமஸுக்கு வரும் மைத்துனன்
கைலியை மடித்துக்கட்டி ஏறி உட்காருவான்,
ஒரே சத்தம்,
பிறகு எல்லாரும் என் பெயரைச் சொல்வார்கள்.

"அதுல ஆரும் ஏறமாட்டாவ" என்றார்.
எல்லா வீட்டிலும் இதைத்தான் சொல்கிறார்கள்.
எல்லா வீட்டிலும் ஏறுகிறார்கள்.

சன்னலுக்கு வெளியே குலை தள்ளிய ஏத்தன் வாழை,
இடுப்பில் கவைக்கம்பு.
முட்டு கொடுத்தவர் யாரோ
அதை ஒளித்துவைக்க மெனக்கெடவில்லை.

பட்டை இரும்பு என்றேன்.
அரை இஞ்சு கனம், இரண்டு இஞ்சு அகலம்.
மேல்பலகையில் காடி வெட்டிப் புதைத்தால்
பதினாலு இஞ்சு உள்ளே படுக்கும்,
பன்னிரண்டு வெளியே.
விளிம்புக்கு மூன்று இஞ்சு முன்னாலேயே நின்றுகொள்ளும்.
குனிகிறவனுக்கு மட்டும் தெரியும்.
குனிந்து பார்க்க யார் வருகிறார்கள்?
இரண்டடிக்கு ஒன்று, மூன்று போதும்.
"செரி, மூணு."
டவர் போய்விட்டது.

அனில் கட்டரை ஓட்டினான்.
பிளைவுட் தூள் அவன் புருவத்தில் இறங்கியது.
ஒரு காடி ஒரு நூல் ஆழம் கூடிப்போக
அடியில் தகடு வைத்துச் சரிக்கட்டினோம்.
இரும்பு பலகைக்கு மேலே எழும்பினால் கல் ஊஞ்சலாடும்,
கீழே தாழ்ந்தால் வைத்தும் வைக்காத கணக்கு.
ஒவ்வொன்றுக்கும் நாலு திருகு.
ரசமட்டத்தில் குமிழி வந்து அடங்கியது.

அதுவரை கட்டஞ்சாயா மட்டும் கொண்டுவைத்துவிட்டுப் போன வின்சி
அடுப்புப் பக்கத்து மூலைக்கு வந்து நின்று
முழங்கை இரண்டையும் இன்னும் வராத கல்லின்மேல்
ஊன்றிக் காட்டினார்.
"ராத்திரி நான் இங்கனதான் நிப்பேன்.
போன் இங்க. தட்டு இங்க.
ஒராளுக்கு எதுக்கு நாற்காலி இழுக்கணும்?
இதுக்கு நேரே கீழ ஒண்ணு வேணும்."

எட்டு இஞ்சு தள்ளி ஏற்கெனவே ஒன்று கிடக்கிறது,
அளவுப்படி தேவையில்லை,
சொல்ல வாயெடுத்தேன்.
அவர் கை இன்னும் காற்றில் ஊன்றியபடியே.
அனில் பென்சிலை நீட்டினான்.

மீதி இரும்பு சரியாக இருபத்தாறு இஞ்சு இருந்தது
என்று சொன்னால் அழகாக இருக்கும். இல்லை.
களியக்காவிளை வரை போய் வாங்கி வந்தேன்.
செக்போஸ்டில் இது என்ன ஆயுதமா என்றார்கள்.
மழை வேறு.

சாயங்காலம் நாலுபேராகக் கல்லை இறக்கினோம்.
பிதுங்கின சிலிக்கானை விரலால் வழித்தேன்.
மறுநாள் காலை அனில், எண்பத்தொன்பது கிலோ,
விளிம்பில் ஏறி உட்கார்ந்து காலாட்டினான்.
குமிழி அசையவில்லை.
"மதி, இறங்கு."

குவைத் திரும்ப வந்தது.
"அடியில காட்டு."
வின்சி போனோடு குனிந்தார்.
ஒன்று. இரண்டு. மூன்று.
மூலை வருவதற்குள் படம் மேலே எழுந்து
உத்தரத்து விளக்கைக் காட்டியது.
"அந்தரத்துல நிக்கிற மாதிரியேதான் இருக்கு" என்றார் அவர்,
அத்தனை தூரத்திலிருந்து, சந்தோஷமாக.

பில்லில் மூன்று என்று எழுதினேன்.
நாலாவதற்கு அவர் மடித்துத் தந்த நோட்டுகளில்
புட்டுமாவு ஒட்டியிருந்தது.
வண்டியை எடுக்கையில் போன் சட்டைப்பையில் துடித்து
கேரளத்துக்கு வரவேற்றது.
நான் இன்னும் வாசலைக்கூடத் தாண்டவில்லை.